80 ரூபா சிரிஞ்சும் 750 ரூபா கட்டரும்

மருந்து என்றாலே வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் ஆட்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர். சின்னவனுக்கு 4 வயது, பெரியவளுக்கு 13. இரண்டும் அக்காவின் பிள்ளைகள். அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. பிள்ளைகளை நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொள்கிறோம். நான் ஹட்டன் டவுனில் திரீவீலர் ஓட்டுகிறேன். வீடு டிக்கோயாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். மருந்தைப் பற்றிப் படித்தவன் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பதற்கென்று இந்த ஒன்றரை வருடத்தில் வாங்கிய சாமான் ஒவ்வொன்றும் என் கைக்காசு. எது உருப்படி, எது தண்டம் என்று சொல்ல அது போதும்.

முதலில் சிரிஞ்ச். ஊசி கிடையாது, 5 மில்லி, 80 ரூபா கொடுத்தேன்.

அது வீட்டுக்கு வந்த கதை இது. மலை சீசன் நேரம். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாத மலைக்குச் சனம் வந்துகொண்டே இருக்கும், நல்லதண்ணிக்கு ராத்திரி பகல் பார்க்காமல் ஹயர் ஓடுவேன். ஒரு நாள் ராத்திரி ஒரு மணி போல வீட்டுக்கு வந்தால் காம்பராவுக்குள்ளே ஒரே கூச்சல். சின்னவனுக்குக் காய்ச்சல். அம்மா அவனை மடியில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, அலுமினியக் கரண்டியால் பெனடோல் பாணியை ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களுக்கெல்லாம் அப்படித்தான் ஊற்றினார். நாங்களும் வளர்ந்துவிட்டோம், சரி. ஆனால் அன்றைக்கு அவனுக்குப் புரையேறி, மூக்கு வழியாகப் பாணி வந்து, முகம் செவந்து, கொஞ்ச நேரம் மூச்சு எடுக்கத் திணறிவிட்டான். முதுகில் தட்டித் தூக்கி நிறுத்திய பிறகுதான் அழுகைச் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் பார்த்தால் சட்டையிலே பாதி, பாயிலே பாதி. உள்ளே போனது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. திரும்பவும் கொடுப்பதா, விடுவதா? விடிய விடிய ஈரத்துணி போட்டபடி உட்கார்ந்திருந்தோம்.

காலையில் டவுனில் ஒரு பார்மசிக்குப் போனேன். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று அங்கே இருக்கும் மிஸ் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி போட்டு, ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரர் என்றால் ஹட்டன்காரர்கள் சிலருக்குப் புரியும். நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. “வீட்டுல கரண்டி எத்தனை மில்லி தம்பி?” என்று மட்டும் கேட்டார். கரண்டிக்கு ஏது மில்லி? ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டிதானே. அவர் சிரித்துவிட்டு இந்த சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தார். “வீட்டுக்குப் போய் தண்ணிய நிரப்பி நீங்களே அளந்து பாருங்க” என்றார்.

அளந்து பார்த்தேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து, வீட்டில் உள்ள சின்னக் கரண்டிகள் மூன்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ததும்ப ஊற்றி சிரிஞ்சால் உறிஞ்சினேன். சாயத்தண்ணிக்குச் சீனி போடும் கரண்டி மூன்றரை மில்லி. கல்யாணத்தில் யாரோ கொடுத்த செட்டில் உள்ளது ஐந்துக்குக் கொஞ்சம் மேலே. அம்மாவின் அலுமினியக் கரண்டி ஏழு மில்லி. எல்லாமே எங்கள் வீட்டில் ‘ஒரு கரண்டி’தான். யார் கையில் எது அகப்பட்டதோ அதுதான் அன்றைய அளவு. மருந்துக் கணக்கில் ஒரு தேக்கரண்டி என்றால் 5 மில்லி. நாங்கள் ஒரு நாள் குறைத்தும் ஒரு நாள் கூட்டியும் கொடுத்துக்கொண்டு, மருந்து சரியில்லை என்று டொக்டரைக் குறை சொல்லியிருக்கிறோம். அம்மா மூன்று கரண்டியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் அலுமினியக் கரண்டி மிளகாய்த்தூள் டின்னுக்குப் போய்விட்டது.

பெனடோல் பாணியில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து. பிள்ளையின் நிறையைப் பார்த்துத்தான் அளவு. சின்னவன் 15 கிலோ, அவனுக்கு டொக்டர் எழுதியது 7.5 மில்லி. அதைக் கரண்டியால் எப்படி அளப்பது? சிரிஞ்சில் 5 ஒரு தரம், 2.5 ஒரு தரம், முடிந்தது. இன்னொன்றையும் மிஸ் சொன்னார்: கைக்குழந்தைகளுக்கு வரும் சொட்டு மருந்துக் குப்பியும் இந்தப் பாணி போத்தலும் ஒரே பெயரில்தான் வரும், ஆனால் சொட்டு மருந்தில் காரம் பல மடங்கு கூட. ஒன்றின் அளவை மற்றதுக்குப் போடக்கூடாது.

கொடுக்கும் முறையையும் காட்டித்தான் விட்டார். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். முனையைத் தொண்டைக்கு நேரே நீட்டாமல் கன்னத்தின் உட்பக்கம் வைத்து, கொஞ்சம் தள்ளி, விழுங்கவிட்டு, மறுபடி கொஞ்சம். மூடி இருந்தால் முதலில் கழற்றி எறிய வேண்டும், அது பிள்ளை தொண்டைக்குள் போய்விடும். இவ்வளவுதான்.

ஆனால் சின்னவன் இதற்கும் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டது ஞாபகம் வந்திருக்கும், சிரிஞ்சைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். நான் அதில் வெறும் தண்ணீரை நிரப்பி அவன் கையில் கொடுத்து, என் வாயில் அடிக்கச் சொன்னேன். அடித்தான். கண்ணிலும் அடித்தான். அம்மாயிக்கு, அதாவது எங்கள் அம்மாவுக்கு, அடித்தான். பக்கத்துக் காம்பரா நாய்க்கும் அடித்தான். பத்து நிமிஷம் போன பிறகு மருந்தை நிரப்பி, “இப்ப ஒனக்கு நீயே அடி” என்றேன். முனையைக் கன்னத்தில் நான் வைத்துக்கொடுத்தேன், தண்டை அவனே தள்ளினான். முகத்தைச் சுளித்தான், விழுங்கினான், “இன்னொன்னு” என்று கேட்டான். இத்தனை நாளாக நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து அமுக்கியும் நடக்காத காரியம். அன்றிலிருந்து அவன் மருந்தை அவன்தான் குடிக்கிறான், நாங்கள் அளந்து கொடுப்பதோடு சரி.

குறை இல்லாமல் இல்லை. கோடுகள் அழிகின்றன. சுடுதண்ணீரில் கழுவக் கழுவ இரண்டு மாதத்தில் எண்கள் மங்கிவிட்டன. உள்ளே இருக்கும் ரப்பர் இறுகி, தண்டு ஒரேயடியாகப் பாய ஆரம்பிக்கும், அப்படிப் பாய்ந்தால் புரையேறும். அதோடு எங்கள் பக்கத்து மழை மாதங்களில் எதுவும் காயாது. ஒரு தடவை கழற்றாமல் கழுவி வைத்ததில் முனைக்குள் கறுப்பாகப் பூத்துவிட்டது. சவர்க்காரத் தண்ணீரில் தண்டை வெளியே எடுத்துக் கழுவி, தனித்தனியாக அடுப்பு மேடை ஓரம் காயவைக்க வேண்டும். 80 ரூபாச் சாமானுக்கு இதெல்லாம் பெரிய குறை இல்லை, மாற்றிவிடலாம்.

பிள்ளைக்கு மருந்து கொடுக்க ஏதாவது இருக்கா என்று முதலில் நான் போய்க் கேட்டது வேறொரு கடையில். அங்கே ஊசி போடும் சிரிஞ்சை உறையோடு எடுத்துப் போட்டு, “ஊசிய கழட்டிட்டு பாவிங்க” என்றார்கள். மருந்து உறையில் ‘டி.டி.எஸ்.’ என்று கிறுக்கல். அது நாளைக்கு மூன்று தரம், ‘பி.டி.’ என்றால் இரண்டு தரம் என்று எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது, கேட்க வாய் வரவில்லை, பின்னால் கியூ நின்றது. மிஸ்ஸின் கடையில் தமிழில் எழுதி, நேரத்துக்குப் பக்கத்தில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பார். எழுத்து வாசிக்கத் தெரியாத எங்கள் அம்மாவுக்கு அந்தச் சூரியன் எவ்வளவு பெரிய மரியாதை என்பது கடைக்காரர்களுக்குத் தெரிவதில்லை.

ஒரு முறை சின்னவனுக்குக் காதுவலிக்கு டொக்டர் ஒரு அன்டிபயொடிக் எழுதியிருந்தார். துண்டைப் பார்த்ததும் மிஸ் கேட்ட முதல் கேள்வி, “வீட்டுல பிரிட்ஜ் இருக்கா?” இல்லை. அந்த மருந்தைக் கரைத்த பிறகு 2 இலிருந்து 8 பாகைக்குள் வைக்க வேண்டுமாம், ஏழு நாள்தான் தாங்குமாம். ஹட்டன் குளிர் நமக்குக் குளிர், ஆனால் பிரிட்ஜ் குளிர் இல்லையே. அவரே டொக்டருக்குப் போன் எடுத்துப் பேசி, பிரிட்ஜ் இல்லாமல் வைக்கக்கூடிய அமொக்சிசிலினுக்கு மாற்றிக் கொடுத்தார். இந்தக் கேள்வியை வேறு எந்தக் கடையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. லயத்துக்காரன் என்று தெரிந்துதான் கேட்டார், ஆனால் கேட்ட விதத்தில் அது தெரியவில்லை.

தூளாக வரும் அந்த மருந்தில் எனக்கொரு பழைய பிழை உண்டு. முன்னொரு தடவை போத்தலில் போட்டிருக்கும் கோடு வரைக்கும் நேரே தண்ணீரை ஊற்றிக் குலுக்கினேன். தூள் கரைந்ததும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது, நான் அதைக் கவனிக்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலும் மருந்து கெட்டியாகிவிடும், அளவு பிசகும். கொதித்து ஆறின தண்ணீர், முதலில் போத்தலைத் தட்டித் தூளை உதிர்த்து, பாதி ஊற்றி நன்றாகக் குலுக்கி, அப்புறம் கோடு வரை. கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் மருந்தும்தான். இப்போது கடையிலேயே கரைத்து வாங்கிக்கொள்கிறேன்.

சரி, மாத்திரை வெட்டும் அந்த 750 ரூபா கட்டருக்கு வருகிறேன்.

சின்னவனுக்கு இழுப்பு உண்டு. பனி இறங்கும் மாதங்களில் நெஞ்சு விசிலடிக்கும். அப்படியொரு நாள் டொக்டர் பிரெட்னிசொலோன் எழுதினார், 5 மில்லிகிராம் மாத்திரை 4, காலையில் சாப்பிட்ட பிறகு, 3 நாளைக்கு. பாணியாகக் கிடைக்கவில்லை, பொடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். இதற்காகத்தான் ஒன்லைனில் இந்தப் பெட்டியை எடுத்தேன். ஒரு பக்கம் பிளேடு வைத்து வெட்டும், மறு பக்கம் திருகினால் பொடிக்கும். படத்தில் மாத்திரை வாழைப்பழம் மாதிரி இரண்டாகிறது. என் வீட்டில் முக்கால், கால், கொஞ்சம் தூள் என்று மூன்றாகியது. பொடிக்கும் பக்கத்தில் பாதிப் பொடி சுவரில் ஒட்டிக்கொள்ளும், விரலால் சுரண்டி எடுக்க வேண்டும். பிளேடு திறந்தபடி இருக்கும், நான்கு வயதுக்காரன் உள்ள வீட்டில் அது ஒரு தலைவலி. இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தினால் இதைவிட நன்றாகப் பொடிகிறது. நடுக்கோடு உள்ள மாத்திரையைக் கட்டை விரல் நகத்தாலேயே உடைக்கலாம். அந்த 750 ரூபா தண்டம்.

கட்டரால் இன்னொரு ஆபத்து, கையில் இருந்தால் எதையும் வெட்டத் தோன்றும். அம்மாவின் மாத்திரை ஒன்று பெரிசாக இருக்கிறது என்று அதையும் வெட்டப் போனேன். கடைக்குப் போன் போட்டுக் கேட்டது நல்லதாகப் போயிற்று. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எம்.ஆர். என்று இருந்தால் தொடவே வேண்டாம் என்றார் மிஸ். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

பிரெட்னிசொலோன் கசப்பு இருக்கிறதே, அதை நான் நாக்கில் தொட்டுப் பார்த்தேன். வேப்பங்கொழுந்து பரவாயில்லை. வேப்பங்கசப்பு கொஞ்சத்தில் போய்விடும், இது மதியம் வரை கூடவே இருந்தது. தண்ணீரில் கரைத்தது, வாழைப்பழத்தில் வைத்தது, இரண்டுமே துப்பப்பட்டன. கடைசியில் கைகொடுத்தது கித்துள் மரத்து இனிப்புப் பாணி. கெட்டியாக இருப்பதால் பொடியைப் பிடித்துக்கொள்கிறது, நாக்கில் பரவவிடாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரே ஒரு கரண்டி அளவுதான். ஒரு கோப்பைப் பாலில் கலந்தால் பாதியில் வைத்துவிடுவான், பாதி மருந்து கோப்பையில் நிற்கும். இன்னொரு தந்திரமும் மிஸ் சொன்னார், மருந்துக்கு முன்னால் ஐஸ்பழத்தை நாலு நக்கு நக்கவிட்டால் நாக்கு மரத்துவிடும். இதைக் கேட்டு அம்மா ஆடிய ஆட்டம்! “நெஞ்சு அடைச்ச புள்ளைக்கு ஐஸா? அந்த மிஸ்ஸ ஒரு நாள் இங்க கூட்டிட்டு வா, நான் பேசுறேன்.” அம்மா கொழுந்துக்குப் போன பிறகு கொடுத்தேன். நன்றாகவே வேலை செய்தது. அம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது.

என் மேல் எனக்கே கோபம் வந்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிரிஞ்ச் வருவதற்கு முந்திய காலத்தில் சின்னவனை ஏமாற்ற, “இது டொபி, டொபி” என்றுதான் மாத்திரையைக் கொடுப்பேன். ஒரு நாள் சாயந்திரம் வந்து பார்த்தால், கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, பெரியவளின் செவப்பு மாத்திரை உறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். “மாமா, அக்கா டொபி.” இரும்புச்சத்து மாத்திரை. பெரியவளுக்கு மருந்து, அவன் வயதுப் பிள்ளை நாலைந்தை வாயில் போட்டால் விஷம். உறை பிரியவில்லை, எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அன்றோடு டொபிப் பேச்சை நிறுத்தினேன். மருந்துக்கு மருந்து என்றுதான் பெயர். மாத்திரை எல்லாம் இப்போது பூட்டு உள்ள தகரப் பெட்டியில், சாமிப் படத்துக்கு மேலே.

பெரியவள் கதை வேறு. கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று அந்த மாத்திரையை எழுதினார்கள், நாளைக்கு ஒன்று, மூன்று மாதம். நாங்கள் கொடுத்தோம், அவளும் வாங்கினாள், வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள். இரண்டாவது மாதம் பார்த்தால் இரத்தம் ஏறவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் வடிகானைக் கழுவும்போது அம்மா கண்டுபிடித்தார், கல்லிடுக்கில் செவப்பாக ஊறிப்போய்க் கிடக்கிறது. நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்று கொடுப்பதையும் அப்படித்தான் செய்திருக்கிறாள். நான் கத்தினேன். அவள் அழுதாள். ராத்திரி அக்கா வட்ஸ்அப்பில் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவளுக்கு மாத்திரை விழுங்கத் தெரியாது. 13 வயதாகிவிட்டது, தெரியாது என்று சொல்ல வெட்கம். அவ்வளவுதான்.

பாணியாக வாங்கிப் பார்த்தோம். பல்லில் கறுப்புப் பிடிக்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், உண்மையும் அதுதான், தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். அப்புறம் அவளையே கடைக்குக் கூட்டிப்போனேன். மிஸ் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளோடு பத்து நிமிஷம் பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாயியிடம் சவ்வரிசி வேகவைக்கச் சொன்னாள்.

வெந்த சவ்வரிசி ஒன்றே ஒன்று, நாக்கின் நடுவில், ஒரு மிடறு தண்ணீர். வழுவழுவென்று போய்விடும், சிக்கினாலும் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் அது. அப்புறம் சோற்றுப் பருக்கை. அப்புறம் கேக்கில் தூவும் கலர் மணி, அப்புறம் டிக் டாக் மிட்டாய். தினம் சாயந்திரம் ஐந்து நிமிஷம், நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னவன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. ஒன்பதாவது நாள் மாத்திரையை விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கி அடியையும் காட்டினாள். நான் கேட்கவில்லை, அவளாகவே காட்டினாள்.

தண்ணீர் குடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கோப்பையில் குடித்து அண்ணாந்தால் அவளுக்கு மாத்திரை நாக்கிலேயே நின்றுவிடும். நசுங்கக்கூடிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலின் வாயை உதட்டால் இறுக்கி மூடி, காற்றுப் போகாமல் உறிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து போய்விடுகிறது. கெப்சியூலுக்கு இது தலைகீழ். அது தண்ணீரில் மிதக்கும், அதனால் ஒரு மிடறு எடுத்துக்கொண்டு தாடையை நெஞ்சுப் பக்கம் சாய்த்துக் குனிந்து விழுங்க வேண்டும். இதை ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் 151 பேரை வைத்துப் பார்த்து 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். மாத்திரைக்குப் போத்தல் முறையில் 60 வீதத்துக்குக் கிட்ட, கெப்சியூலுக்குக் குனியும் முறையில் 89 வீதத்துக்குக் கிட்ட, விழுங்குவது முன்னைவிடச் சுகமாக இருந்ததாம். அவர்கள் எல்லோரும் பெரிய ஆட்கள். என் கேஸ்டிரைட்டிஸ் கெப்சியூலை நானும் இப்போது குனிந்துதான் விழுங்குகிறேன்.

மாத்திரை உள்ளே போனதோடு முடியவில்லை. எங்கள் வீட்டில் விடிவதே சாயத்தண்ணியோடுதான், அதோடுதான் மாத்திரையும். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்று மிஸ் சொன்னபோது அம்மா நம்பவில்லை. முப்பது வருடம் கொழுந்து பறித்த கைக்கு அது கொஞ்சம் கசப்பான செய்திதான். இப்போது காலையில் தேசிக்காய்த் தண்ணியோடு மாத்திரை, இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் சாயம். லீவு நாளில் அந்த இரண்டு மணித்தியாலமும் பெரியவள் முகத்தைப் பார்க்க முடியாது. போன மாதம் கிளினிக்கில் இரத்தம் ஏறியிருக்கிறது என்றார்கள்.

கட்டர் இப்போது அம்மாவிடம், பாக்கு வெட்ட ஆகுமா என்று பார்த்தார், அதற்கும் ஆகவில்லை. சிரிஞ்சில் 2.5 கோடு முழுக்க அழிந்துவிட்டது. சனிக்கிழமை டவுனில் இன்னும் இரண்டு வாங்க வேண்டும், சின்னவனுக்கு ஊதா நிறத் தண்டு உள்ளதாம்.